துவரும் சாயமும்

‘துவர்’ என்னும் சொல் ஒரு சுவையையும் செந்நிறத்தையும் ஒருங்கே குறித்தல் யாது பற்றி என்பது ஆராயற்பாலது. சாயத்தொழில் இதற்கோர் விளக்கம் தருகின்றது.

செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியது 1750 இல். அதற்கு முன்னரே, 1742 இல், கேர்தூ என்னும் ஏசு சபைத் துறவி சோழமண்டலக் கரையின் சாயமுறையை மடலொன்றில் விரித்தெழுதினார். துணியை முதற்கண் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து தோய்த்தல் அதிற் கூறப்படுகின்றது. கடுக்காயின் துவர் பருத்தியிழையைப் பற்றும்; படிகாரம் அத்துவரைப் பற்றும்; சாயவேரின் செம்மை படிகாரத்தைப் பற்றும். துவரின்றேல் செம்மை நன்கு நிலையாது. அவுரி நீலத்திற்கோ இது வேண்டா. புளித்த தாழியினின்று பசுமஞ்சளாய் எடுத்த நூல் காற்றுப்பட்டு நீலமாகும்.

ஆகவே, சுவைப்பெயர் நிறத்திற்கு ஆகி வந்தது எனக் கருத இடமுண்டு. எனினும், அச்சொல் பவளத்தையும் குறித்தலின், நிறப்பொருளே முந்தியதாதலும் கூடும்.

சாயவேரின் செம்பொருளை 1868 இல் செருமானியர் செயற்கையாய் ஆக்கினர். பின்னர் வேர்ச்சாயம் அருகிற்று. செஞ்சி வட்டாரத்தில் தாயருகிருந்து நூல் தோய்க்கப் பழகிய முதியோர் உளரேல், அவர்தம் தொழிற்சொற்களைக் காலந்தாழாது தொகுத்தல் ஆய்வு மாணவர் கடனாம். அகராதி தராத சான்றை அவர் நா தரக்கூடும்.