இல்லத்தார் கூடிக் காணும் படம்

குடும்பத்தோடு ஒரு திரைப்படம் பார்க்க வேண்டும் என்று எண்ணுவது எளிது. எந்தப் படம் என்று துணிவதே அரிது. பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் குமுளி, மூணாறு, மறையூர் பகுதிகளிலும் வாழும் தமிழ் இல்லங்கள் பலவற்றில் இவ்வருமை இருமடங்காகிறது. அத்தகைய இல்லம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பாட்டிக்குத் தமிழ் ஒன்றே தெரியும். பெற்றோர் இரு மொழியும் பேசுவர். மலையாளப் பள்ளியில் பயிலும் பேரனுக்கோ தமிழ் கேட்டால் விளங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இம்மூவரும் ஒரே கதையில் ஒன்றுபட்டு அமரும் நேரம் வாரத்தில் இரண்டு மணி கிடைத்தால் பெரிது. அந்நேரத்தை எந்தப் படத்துக்கு அளிப்பது?

முதற்கண் நோக்க வேண்டியது தணிக்கைச் சான்றிதழ். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, யாவரும் காணத்தக்கது ‘யு’ என்றும், வயது வந்தோர்க்கு மட்டும் உரியது ‘ஏ’ என்றும் இரு பிரிவே நெடுங்காலம் இருந்தன. 1983இல், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் அறிவுரையோடு காண வேண்டிய ‘யுஏ’ பிரிவும், மருத்துவர் போன்ற தனித் துறையினர்க்கு உரிய ‘எஸ்’ பிரிவும் சேர்ந்தன. 2023இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் ‘யுஏ’ பிரிவை ஏழு வயது, பதின்மூன்று வயது, பதினாறு வயது என மூன்றாகப் பகுத்தது. அதற்கு முன் சான்று பெற்ற படங்களில் பழைய குறியே காணப்படும்.

இங்கே பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ‘ஏ’ சான்று பெற்ற படத்துக்குச் சிறுவர்களை உள்ளே விடாமல் தடுப்பது திரையரங்கின் கடமை. ‘யுஏ’ குறியோ பெற்றோர் எண்ணிப் பார்ப்பதற்கே இடப்பட்டது; பெற்றோரும் காப்பாளரும் அன்றி வேறெவரும் அதை நடைமுறைப்படுத்த இயலாது என்று சட்டமே கூறுகிறது. பதின்மூன்று என்று குறித்த படத்துக்கு எட்டு வயதுக் குழந்தையை அழைத்துச் சென்றால் வாயிற்காவலர் தடுக்கமாட்டார். முடிவு நம்முடையது.

வீட்டிலேயே காணும் படங்களுக்கு இப்பொறுப்பு இன்னும் மிகுதி. ஒளிநாடாவும் குறுந்தட்டும் போய், இன்று இணையவழியே படங்கள் இல்லம் புகுகின்றன. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையத்தில் படம் வழங்கும் நிறுவனங்களே அதற்கு வயதுப் பிரிவு குறிக்கின்றன. பதின்மூன்றும் அதற்கு மேலும் குறித்தவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். வன்முறை, தகாத சொல் போன்றவை உளவாயின் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். ஆயினும் பூட்டைப் பூட்ட வேண்டியவர் நாமே. வீட்டு வாயிலில் சீட்டுக் கிழிப்பவர் எவரும் இல்லை அன்றோ!

சான்றிதழ் வயதை மட்டுமே சொல்லும். மொழியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதனை அழுத்திக் கூற விரும்புகிறேன். திரையின் அடியில் ஓடும் எழுத்துகள் அண்ணியையும் நாத்தனாரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். கேலியும் கோபமும் அதில் பாதி வடிந்துவிடும். பாட்டியால் அவ்வளவு விரைவாகப் படிக்கவும் இயலாது. ஆதலின் இயன்றவரை மூலமொழியிலேயே பார்ப்பது நன்று. இரு மொழியும் கலந்து ஒலிக்கும் படமாயின் எல்லைப்புற இல்லத்துக்கு அது இரட்டை நன்மை.

அத்தகைய படங்கள் இல்லாமல் இல்லை. 2023இல் திரைக்கு வந்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ என்னும் மலையாளப் படத்தில், மம்மூட்டி ஏற்ற பாத்திரம் ஒரு தமிழ்ச் சிற்றூரில் இறங்கித் தமிழனாகவே பேசத் தொடங்குகிறது. பாட்டிக்கு விளங்காத இடத்தைப் பேரன் சொல்லலாம். பேரனுக்கு விளங்காத இடத்தைப் பாட்டி சொல்லலாம். 2024இல் வந்த ‘மஞ்ஞுமெல் பாய்ஸ்’ கொடைக்கானல் குகையைக் களமாகக் கொண்டது. மலையாளப் படமாகவே தமிழ்நாட்டில் பெருவெற்றி பெற்றது. எனினும் குகையில் நிகழும் விபத்து சிறு குழந்தைகளை அச்சுறுத்தக்கூடும். 2018இல் வெளிவந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ தேனிப் பக்கத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களில் உழைப்போரின் கதை. குமுளிப் பாட்டிக்கு அது தன் வரலாறாகவே தோன்றலாம். முடிவு துயரமானதாகையால், பெற்றோர் முன்னதாகப் பார்த்து வைத்துக்கொண்டு, வளர்ந்த பிள்ளைகளோடு காண்பதே முறை.

எனவே படம் தேர்வோர் மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். வயதுக் குறி நம் வீட்டின் இளைய குழந்தைக்குப் பொருந்துமா? அறையில் முதியவருக்கு அம்மொழி செவியிலேயே விளங்குமா? படம் முடிந்தபின் பேசுவதற்கு அதில் ஏதேனும் உண்டா? மூன்றாவதே தலையாயது. பள்ளியில் தமிழ் எழுத்தைக் காணாத பிள்ளைக்குத் தமிழ் வளரும் இடம் வீட்டுப் பேச்சே. படம் முடிந்ததும் விளக்கை அணைத்து உறங்கச் செல்லாமல், அக்கதையைப் பாட்டியிடம் தமிழில் திருப்பிச் சொல்லுமாறு குழந்தையைக் கேளுங்கள். தடுமாறினால் பாட்டி எடுத்துக் கொடுப்பார்.