பெரிய பெட்டி வாங்குமுன் அறையைப் பாருங்கள்

காலையில் கடை திறந்தது முதல் இரவு கல்லாவை எண்ணிப் பூட்டும் வரை வியாபாரியின் காதில் விழுவது பேரமும் லாரிச் சத்தமும்தான். படுக்குமுன் ஒரு மணி நேரம் நல்ல பாட்டுக் கேட்கலாம் என்று நம் அங்கத்தினர்கள் பலர் ஸ்டீரியோ செட் வாங்கி வைத்திருக்கிறார்கள். போட்டால் ஒரே இரைச்சல், தலைவலி. உடனே 'பெட்டி சரியில்லை' என்று அதைவிடப் பெரிய பெட்டிக்கு விலை கேட்கக் கிளம்பிவிடுகிறோம். சரக்கில் போடவேண்டிய பணத்தை அதில் முடக்குமுன் அறையைச் சற்றுக் கவனிப்பது நல்லது.

நெல் மண்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல. குடோன் காலியாக இருக்கையில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டால் குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்பும். சம்பா மூட்டைகளை அடுக்கியபின் அதே குரல் அடங்கித் தெளிவாகக் கேட்கும். மூட்டைகள் ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன. சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையுமான நம் வீட்டு அறைகள் காலிக் குடோன்களே. ஒலி வினாடிக்குச் சுமார் 1,140 அடி செல்கிறது. 12 அடி அறையின் எதிர்ச்சுவரைத் தொட நூறில் ஒரு பங்கு வினாடி போதும். திரும்பி வரும் ஒலி நேரே வரும் ஒலியோடு கலந்து பாட்டின் சொற்களைக் குழப்புகிறது.

நம் முன்னோர் இதை அறிந்தவர்கள். தஞ்சை அரண்மனையில் நாயக்கர் காலத்துச் சங்கீத மகால் இருக்கிறது. மைக் இல்லாத காலத்தில் இசை கேட்பதற்கென்றே அமைந்த கூடம் அது.

இனி நாம் செய்யவேண்டியது. தராசை நினைவில் வையுங்கள். இரண்டு பெட்டிகளும் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து சம தூரத்தில் இருக்கவேண்டும். ஒன்று அருகே இருந்தால் பாட்டு அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். பெட்டிகளுக்கு இடையே 6 அடி என்றால் உங்களுக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இடையே ஏறக்குறைய அதே 6 அடி இருக்கட்டும். பெட்டியின் சிறிய ஸ்பீக்கர் உட்கார்ந்தவரின் காது உயரத்துக்கு வரவேண்டும். மூலையில் தள்ளி வைத்தால் தவிலின் தொப்பி ஓசை வீங்கி, வலந்தலையை விழுங்கிவிடும். சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி வையுங்கள். தரையில் ஜமுக்காளமும், பக்கச் சுவர்களில் கனமான திரையும் போடுங்கள். மெல்லிய துணியால் பயன் குறைவு.

பிறகு ஒரு சோதனை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போடுங்கள். அவர் மறைந்தது 1956-ல். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958-ல். ஆகவே அவருடைய இசைத்தட்டில் இருப்பது ஒற்றை ஒலி. இரு பெட்டியிலும் ஒன்றேதான் வரும். நாயனம் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஆள் நின்று வாசிப்பதுபோல் கேட்கவேண்டும். இடம் தெரியாமல் மிதந்து, கனமும் குறைந்திருந்தால் ஏதோ ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். அந்தப் பெட்டியில் மட்டும் மாற்றிப் பூட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரின் ஈரம் காகிதக் கூம்பைக் கெடுக்கும். எலியைப் பற்றி மளிகைக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. அரிசி மூட்டையைப்போலவே ஒயரையும் அது விடாது. இரண்டுக்கும் தரையிலிருந்து சற்று உயரமே பாதுகாப்பு.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஓர் அளவுநாடாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும்தான். அதன் பிறகும் குறை தெரிந்தால் புதுப் பெட்டிக்கு விலை கேளுங்கள்.