நனைந்துவிடுமோ என்று பயந்து எரியவிட்ட கோப்புகள்

1973 ஜூலை 12. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஓவர்லேண்டில், நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில், தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. ஐந்து நிமிடத்துக்குள் தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. ஆனாலும் 22 மணி நேரம் தீ கட்டுக்குள் வரவில்லை. முன்னாள் ராணுவத்தினரின் பணிக்கோப்புகள் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை அழிந்தன. நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. சலுகை கேட்டு வந்த முதியவர்கள், தாங்கள் ராணுவத்தில் இருந்ததையே பழைய சம்பளப் பட்டியல்களைத் தேடி நிரூபிக்க வேண்டியதாயிற்று.

அந்த மாடியில், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. மறந்துவிட்டதால் அல்ல. 1950களில் கட்டடத்தைத் திட்டமிட்டபோது இதைப் பற்றி விவாதித்தே முடிவெடுத்தார்கள். தண்ணீர் பட்டால் காகிதம் பாழாகிவிடும் என்ற அச்சம் வென்றது. ஒரு ஸ்பிரிங்க்ளர் திறந்தால் கட்டடம் முழுக்கக் கொட்டும் என்று பலரும் இன்றும் நம்புகிறார்கள். உண்மையில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொன்றின் வாயையும் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கும். சுமார் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உடையும். தீக்கு நேர்மேலே இருப்பவை மட்டுமே திறக்கும்.

நனைந்த காகிதத்தை மீட்க முடியும் என்பதை அதே விபத்து காட்டியது. தீயணைக்கப் பீய்ச்சிய நீரில் ஊறிப்போன கோப்புகளைப் பூஞ்சை பிடிப்பதற்குள் உலர்த்தியாக வேண்டும். அவற்றைப் பிளாஸ்டிக் பால் கிரேட்டுகளில் அடுக்கி, மெக்டொனல் டக்ளஸ் விமான நிறுவனத்துக்குக் கொண்டுபோனார்கள். விண்வெளிச் சோதனைகளுக்காகக் கட்டிய வெற்றிட அறையில் காற்றை உறிஞ்சி எடுக்க, ஈரம் ஆவியாகி வெளியேறியது. நெருக்கி அடுக்கியிருந்த கோப்புகள் பலவற்றில் ஓரம் மட்டுமே கருகி, நடுப்பக்கங்கள் பிழைத்திருந்தன. இப்படிச் சுமார் 65 லட்சம் கோப்புகள் மீண்டன.

கணினிக்கு மாறியதும் இந்தக் கவலை ஒழிந்துவிடவில்லை. 2025 செப்டம்பர் 26 இரவு, தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசு இணையச் சேவைகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' முற்றிலும் அழிந்தது. அளவு 858 டெராபைட். அவ்வளவு பெரியதை வேறிடத்தில் பேக்கப் எடுப்பது கடினம் என்று விட்டிருந்தார்கள். இங்கேயும் சர்வர்கள் நனைந்துவிடுமே என்ற தயக்கம் இருந்தது. தீயை முழுமையாக அணைக்கச் சுமார் 22 மணி நேரம் ஆனது.

தரவு மையங்களில் வழக்கமாக வாயுவைப் பாய்ச்சித்தான் தீயை அணைப்பார்கள். லித்தியம் பேட்டரி எரியும்போது அது போதாது; சுவாலை அடங்கினாலும் உள்ளே சூடு பெருகிக்கொண்டே போகும். ஏராளமான தண்ணீரால் குளிர்வித்தாக வேண்டும். வாயுவிலும் ஆபத்து உண்டு. 2016 செப்டம்பரில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கி தன் தீயணைப்பு அமைப்பைச் சோதித்தது. எங்கும் தீ இல்லை. வாயு சீறி வெளியேறிய பேரிரைச்சலின் அதிர்வே ஹார்டு டிஸ்குகளைக் கெடுத்துவிட்டது. ஏடிஎம் உள்ளிட்ட சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின.

வீட்டில் ஆவணம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. காகிதம் சுமார் 230 டிகிரியில் பற்றிக்கொள்ளும். அதனால், வெளியே தீ எரியும்போது உள்ளே சூடு 177 டிகிரியைத் தாண்டாவிட்டால், காகிதத்துக்கான தீத்தடுப்புப் பெட்டகம் சோதனையில் தேறிவிடும். கணினித் தரவுக்கான பெட்டகத்துக்கு வரம்பு 52 டிகிரிதான். ஈரப்பதமும் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பல பெட்டகங்களின் சுவருக்குள் நிரப்பியுள்ள காப்புப் பொருள், சூடேறும்போது நீராவியை விட்டுத்தான் காகிதத்தைக் காக்கிறது. அந்த நீராவி ஹார்டு டிஸ்கைக் கெடுத்துவிடும். சாதாரண இரும்பு பீரோவுக்கோ இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது.

பத்திரத்தையும் அதை ஸ்கேன் செய்த பென் டிரைவையும் ஒரே பீரோவில் வைத்திருந்தால், இன்றே ஒன்றை எடுத்து வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.