உங்கள் வீட்டின் சி.ஐ.ஓ. யார்?

ஏற்காட்டில் மழைக்காலம் வந்துவிட்டால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு நாளில், காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னை அழைத்தார். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பழம் பறிக்கும் ஆட்களின் கூலிக் கணக்கு முழுவதையும் அதில் ஏற்றியிருந்தார். "யு.பி.எஸ். இருக்கு, பென் டிரைவில் பேக்கப்பும் இருக்கு. இனி பயமில்லையே சார்?" என்றார்.

நான் அவருக்கு ஒரு பெரிய வங்கியின் கதையைச் சொன்னேன்.

2020 நவம்பர் 21 அன்று எச்.டி.எப்.சி. வங்கியின் முதன்மை டேட்டா சென்டரில் மின்சாரம் தடைப்பட்டது. இன்டர்நெட் பேங்கிங், பணம் செலுத்தும் வசதிகள் பாதிக்கப்பட்டன. அதற்கு முன்பும் இரண்டு ஆண்டுகளாக இது போன்ற தடங்கல்கள் ஏற்பட்டிருந்தன. எனவே டிசம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி, புதிய டிஜிட்டல் திட்டங்களையும் புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதையும் தற்காலிகமாக நிறுத்தும்படி உத்தரவிட்டது. குறைகளை ஆராய்ந்து, யார் பொறுப்பு என நிர்ணயிக்கவும் இயக்குநர் குழுவிடம் கூறியது. கார்டுக்கான தடை 2021 ஆகஸ்டிலும், மற்றவை 2022 மார்ச்சிலும்தான் நீங்கின.

பெரிய நிறுவனங்களில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக இருப்பவரை சி.ஐ.ஓ., அதாவது தலைமைத் தகவல் அதிகாரி என்பார்கள். இவருக்குள்ள சவால்களில் பல, தொழில் நுட்பம் சார்ந்தவை அல்ல. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்பிற்குப் பணம் கேட்பது. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது, "இது எதற்கு வீண் செலவு?" என்பார்கள். இரண்டு, கீழே இருப்பவர்கள் "எல்லாம் சரி சார்" என்று சொல்வதை அப்படியே நம்பாமல், நிறுத்திப் பார்த்துச் சோதிப்பது. இது எல்லாருக்கும் தொல்லை. ஆனாலும் அவர்தான் துணிந்து செய்திட வேண்டும். மூன்று, தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பது.

"அப்படியானால் நம் வீட்டு சி.ஐ.ஓ. நீங்கள்தான். சோதிப்போமா?" என்றேன். பைல்களை எல்லாம் சேவ் செய்து மூடிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்தோம். கம்ப்யூட்டர் ஓடியது, திரை இருண்டது. மானிட்டரின் பிளக் யு.பி.எஸ்.ஸில் இல்லை, சுவரில் இருந்தது!

அடுத்து பென் டிரைவ். அவருடைய கம்ப்யூட்டரில் கணக்கு பைல் நன்றாகத் திறந்தது. என் லேப்டாப்பில் செருகினால் திறக்கவில்லை. காரணம், அவர் காப்பி செய்திருந்தது பைலை அல்ல, டெஸ்க்டாப்பில் இருந்த அதன் ஷார்ட்கட்டை. ஷார்ட்கட் என்பது பைல் இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி மட்டுமே. ஹார்ட் டிஸ்க் கெட்டிருந்தால் அத்தனை பேரின் கூலிக் கணக்கும் போயிருக்கும்.

நீங்களும் இன்றே இவற்றைச் செய்திடவும்:

1. பேக்கப் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் பிரிவில் அதன் அளவைப் பார்க்கவும். ஒன்றிரண்டு கே.பி. மட்டுமே இருந்து, ஐகானின் மூலையில் சிறிய அம்புக்குறியும் இருந்தால் அது ஷார்ட்கட்.

2. பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவும்.

3. இன்னொரு காப்பியை வேறொரு வீட்டில் வைக்கவும்.

4. மாதம் ஒரு முறை இச்சோதனையைச் செய்வது யார் என்று வீட்டில் முடிவு செய்திடவும்.

நண்பர் அன்றே பைலைச் சரியாகக் காப்பி செய்து, என் லேப்டாப்பில் திறந்து பார்த்த பின்னர்தான் எனக்குக் காப்பி கொடுத்தார்.