‘ஹேவ்’: அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளில் ‘ஹேவ்’ ஒன்று. பள்ளியில் அதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: ‘ஹேவ்’ என்றால் வைத்திரு. அதை நம்பிப் படிக்கத் தொடங்கும் மாணவர் ‘ஐ ஹேவ் டு கோ’, ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’, ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்று அடுத்தடுத்து வரும்போது திகைத்துப் போகிறார். இந்த மூன்றில் எதிலும் யாரும் எதையும் வைத்திருக்கவில்லை. முதலாவது கட்டாயம், இரண்டாவது காலம், மூன்றாவது பிறரைக் கொண்டு செய்வித்த வேலை.

இந்த வினை எந்தப் பொருளில் வருகிறது என்பதை அதற்கு அடுத்து நிற்கும் சொல்தான் சொல்லும். பெயர்ச்சொல் நின்றால் ஒன்று, ‘டு’ நின்றால் வேறு, ‘சீன்’, ‘டன்’, ‘ரிட்டன்’ போன்ற முடிவுற்ற வினை வடிவம் நின்றால் இன்னொன்று, பெயர்ச்சொல்லைத் தாண்டி அந்த வடிவம் வந்தால் மற்றொன்று. ஆகவே ‘ஹேவ்’ என்றால் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, அடுத்த சொல் என்ன என்று பார்க்கப் பழகுங்கள்.

முதலில் பெயர்ச்சொல் வரும் வகை. ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்கிறோம். இந்த வாக்கியத்தில் எழுவாய் யார்? நான் அல்ல, தம்பிகள். அதனால்தான் வினை ‘இருக்கிறார்கள்’ என்று பன்மையில் முடிகிறது. நான் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலம் இதைத் தலைகீழாக்குகிறது. அங்கே உடையவரே எழுவாய், உடைமை செயப்படுபொருள்: ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.’ வினை உடையவருக்கு ஏற்ப மாறும், உடைமைக்கு ஏற்ப மாறாது. ‘அப்பாவுக்கு இரண்டு கடைகள் இருக்கின்றன’ என்று மனத்தில் நினைப்பவருக்கு ‘மை ஃபாதர் ஹேவ் டூ ஷாப்ஸ்’ என்று வாயில் வருவதில் வியப்பில்லை. கடைகள் இரண்டு என்பது அவரைப் பன்மைக்கு இழுக்கிறது. ஆங்கிலத்துக்குக் கடைகளைப் பற்றிக் கவலையில்லை. அப்பா ஒருவர், எனவே ‘ஹேஸ்’. கவனக்குறைவு என்று ஆசிரியர் திட்டும் இந்தப் பிழைக்குள் தமிழின் இலக்கணம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதிப் பிழை தானே குறையும்.

தமிழ் இங்கே காட்டும் நுணுக்கம் ஒன்றும் உண்டு. தம்பி இருப்பது ‘எனக்கு’. நூறு ரூபாய் இருப்பது ‘என்னிடம்’. உறவு, நோய், உரிமை, சந்தேகம் எல்லாம் ‘எனக்கு’ப் பக்கம். கையிலோ பையிலோ இருக்கும் பொருள் ‘என்னிடம்’ பக்கம், பேச்சில் ‘என்கிட்ட’. ஆங்கிலம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. தம்பி, காய்ச்சல், நூறு ரூபாய், சந்தேகம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஹேவ்’.

உடைமைக்குத் தனி வினை இல்லாதது தமிழின் குறை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இந்தி, ரஷ்யன், அரபு, ஐரிஷ் என்று உலகின் எத்தனையோ மொழிகள் ‘என்னிடம் இருக்கிறது’ என்ற அமைப்பிலேயே உடைமையைச் சொல்கின்றன. பழந்தமிழில் ‘உடை’ என்ற வேர் இந்தப் பணியைத் தாராளமாகச் செய்திருக்கிறது. அன்புடைமை, அறிவுடைமை, பண்புடைமை என்று திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளிலேயே அதைப் பார்க்கலாம். ஆனால் இன்றைய பேச்சில் ‘நான் இரண்டு வீடு உடையேன்’ என்று யாரும் சொல்வதில்லை. செய்தித் தமிழில் மட்டும், ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து, ‘அவர் பத்தாண்டு அனுபவத்தைக் கொண்டுள்ளார்’ என்று எழுதுகிறார்கள். ‘அவருக்குப் பத்தாண்டு அனுபவம் உண்டு’ என்று நல்ல தமிழ் இருக்கும்போது இது தேவையே இல்லை.

அடுத்து, நம் ஊர் ஆங்கிலத்தில் அன்றாடம் காதில் விழும் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’. இது தமிழர் மட்டும் பேசுவதல்ல, இந்தியா முழுக்கக் கேட்கலாம். இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே மொழியியலாளர்கள் இதைக் குறிப்பிடுவதுண்டு. சென்னை அலுவலகத்தில் யாருக்கும் இது புரியாமல் போகாது. ஆனால் வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வு எழுதுகிறவர் இதைத் தவிர்த்தே ஆகவேண்டும். தம்பி இருப்பது ஒரு நிலை. நிலைக்கு ‘ஹேவிங்’ வராது. ‘ஹேவ்’ ஒரு செயலையோ நிகழ்ச்சியையோ குறிக்கும்போதுதான் ‘ஹேவிங்’ வரும். ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், அது சரி. இந்த வேறுபாட்டை ஒரே இணையில் பிடித்துக்கொள்ளலாம். ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் குழந்தை இனிமேல்தான் பிறக்கப்போகிறது, அல்லது பிரசவம் நடந்துகொண்டிருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொன்னால் செய்தியே மாறிவிடும்.

குளிப்பது, பார்ப்பது, ஓய்வெடுப்பது போன்றவற்றுக்கு ‘ஹேவ் எ பாத்’, ‘ஹேவ் எ லுக்’, ‘ஹேவ் எ ரெஸ்ட்’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் இந்த இடங்களில் பெரும்பாலும் ‘டேக்’ போடுவார்கள். இரண்டும் சரியே.

‘ஹேவ்’ உடன் ‘டு’ சேர்ந்தால் கட்டாயம். ‘ஐ ஹேவ் டு கோ’ என்பதற்குத் தமிழில் மிக நெருங்கியது ‘போக வேண்டியிருக்கிறது’. சூழ்நிலை நம்மைத் தள்ளுகிறது என்ற தொனி இரண்டிலும் இருக்கிறது. ‘மஸ்ட்’ என்பதற்கு இறந்தகால வடிவம் இல்லாததால் நேற்றைய கட்டாயத்துக்கு ‘ஹேட் டு’தான் வழி: ‘ஐ ஹேட் டு கோ’, போக வேண்டியிருந்தது. பேசும்போது இது ‘ஹேஃப்டு’ என்று ஒலிக்கும். ‘வ்’ ஒலி ‘ஃப்’ ஆகிவிடுவதால், ஆங்கிலப் படம் பார்க்கும்போது பலருக்கு இந்தச் சொல் பிடிபடுவதில்லை.

இதன் எதிர்மறையில்தான் ஆபத்து. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ’ என்று மேலாளர் சொன்னால் ‘நாளைக்கு நீங்கள் வர வேண்டியதில்லை’ என்று பொருள். வந்தாலும் தவறில்லை. ‘வரக் கூடாது’ என்பது ‘யூ மஸ்ட் நாட் கம்’. தமிழில் ‘வர வேண்டியதில்லை’, ‘வரக் கூடாது’ இரண்டும் தெளிவாகப் பிரிந்தே நிற்கின்றன. ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

இனி, எல்லோரையும் அலைக்கழிக்கும் காலப் பயன்பாடு: ‘ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்.’ உடைமையைச் சொல்லும் வினை காலத்தைச் சொல்ல எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘எழுதப்பட்ட கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது’ என்ற பொருளில் இந்த அமைப்பு இருந்தது. எழுதி முடித்த ஒன்று என்னிடம் இருக்கிறது என்றால் நான் எழுதிவிட்டேன் என்றுதானே ஆகும்? அப்படியே நூற்றாண்டுகள் போகப் போக உடைமைப் பொருள் தேய்ந்து, காலப் பொருள் நிலைத்தது. வருவது, போவது போன்ற வினைகளுக்கு ஷேக்ஸ்பியர் காலத்திலும் ‘ஹேஸ்’ என்ற இடத்தில் ‘இஸ்’ வருவது சாதாரணம். ஜெர்மனும் பிரெஞ்சும் இன்றும் அப்படியே செய்கின்றன. ஆங்கிலமோ எல்லாவற்றையும் ‘ஹேவ்’ தலையில் ஏற்றிவிட்டது.

தமிழ் இந்த இடத்துக்கு ‘இரு’ என்ற வினையைத் தேர்ந்தெடுத்தது: எழுதியிருக்கிறேன், பார்த்திருக்கிறேன். ‘தாஜ்மகாலைப் பார்த்திருக்கீங்களா?’ என்பதற்கு ‘ஹேவ் யூ சீன் த தாஜ்மஹால்?’ அப்படியே பொருந்தும். ஆனால் ‘சாப்பிட்டாச்சா?’, ‘டிக்கெட் எடுத்தாச்சு’ என்று ‘ஆச்சு’ வரும் இடங்களுக்கும் ஆங்கிலத்தில் இதே ‘ஹேவ்’தான். அனுபவத்துக்கு ‘இரு’, முடிந்த வேலைக்கு ‘ஆச்சு’ என்று நாம் பிரித்துவைத்திருப்பதை அவர்கள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், அவர்கள் பிரிப்பதை நாம் ஒன்றாக வைத்திருக்கிறோம். ‘அவர் டெல்லிக்குப் போயிருக்கிறார்’ என்றால் இப்போது டெல்லியில் இருக்கிறாரா, எப்போதோ ஒருமுறை போய்வந்தவரா? சூழ்நிலையை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆங்கிலத்தில் ‘ஹி ஹேஸ் கான் டு டெல்லி’ என்றால் அங்கேதான் இருக்கிறார், அல்லது போய்க்கொண்டிருக்கிறார். ‘ஹி ஹேஸ் பீன் டு டெல்லி’ என்றால் போய்த் திரும்பியவர்.

தமிழர் அதிகம் வழுக்கும் இடங்கள் இரண்டு. ‘நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ என்று தெருவின் ஈரத்தைப் பார்த்துச் சொல்வோம், தமிழில் அது குற்றமற்ற வாக்கியம். ‘ஹேவ்’ ஒரு நிகழ்கால வடிவம் என்பதால், முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் ‘நேற்று’ ஆங்கிலத்தில் அதனோடு சேராது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ பிழை, ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’ சரி. இரண்டாவது, ‘பத்து வருஷமா சென்னையில இருக்கேன்’. தமிழ் இங்கே நிகழ்காலத்தைப் போடுவதால் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று வந்துவிடுகிறது. அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ஆங்கிலம் ‘ஹேவ்’ கேட்கும்: ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.’ ஆண்டுக் கணக்கு வந்தால் ‘ஃபார்’, தொடங்கிய ஆண்டைச் சொன்னால் ‘சின்ஸ் 2015’.

இந்தச் சிக்கல்களுக்கு நடுவே தமிழர்க்குப் பெரிய துணை ஒன்று இருக்கிறது. ‘வந்திருக்கலாம்’, ‘வந்திருக்க வேண்டும்’, ‘வந்திருப்பார்’ என்ற வடிவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அவை ‘குட் ஹேவ் கம்’, ‘ஷுட் ஹேவ் கம்’, ‘வுட் ஹேவ் கம்’. தமிழில் ‘இரு’ நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ நிற்கிறது. ‘நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்’ என்பதில் உள்ள வருத்தம் முழுவதும் ‘யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ’ என்பதில் இருக்கிறது. இந்த ஒற்றுமையைப் பயன்படுத்திப் பாடம் நடத்தினால் ஒரு வகுப்பிலேயே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பேச்சில் இந்த ‘ஹேவ்’ தேய்ந்து வெறும் ‘அவ்’ ஆகிவிடும். அதனால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட அதை ‘ஆஃப்’ என்று தவறாக எழுதிவிடுவதுண்டு.

கடைசியாக ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’. தமிழில் ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்றாலே கடைக்குப் போய் வெட்டிக்கொண்டேன் என்று கேட்பவருக்குப் புரியும். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரியை நானே பிடித்தேன் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறர் செய்த வேலைக்கு ‘ஹேவ்’, பிறகு பொருள், அதன் பிறகு முடிவுற்ற வினை. இந்த வரிசைதான் உயிர். ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்று சொற்களை இடம் மாற்றிவிட்டால், அதற்கு முன்பே நானே வெட்டியிருந்தேன் என்று கதை மாறும்.

இதே அமைப்பு துன்பத்துக்கும் வரும். ‘ஹி ஹேட் ஹிஸ் ஃபோன் ஸ்டோலன்’ என்றால் ஆள் வைத்துத் திருடச் செய்தார் என்று யாரும் நினைப்பதில்லை. போனைப் பறிகொடுத்தார் என்றுதான் பொருள். இழந்தவரையே எழுவாயாக்கி ‘கொடுத்தார்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது பாருங்கள்.

‘ஹேட் ஹேட்’ என்று இரட்டிப்பாக வருவதைக் கண்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். ‘ஐ ஹேட் ஹேட் மை லஞ்ச் பை தென்’ என்பதில் முதல் ‘ஹேட்’ காலத்துக்கு, இரண்டாவது சாப்பாட்டுக்கு. ‘அதற்குள் சாப்பிட்டிருந்தேன்.’

இந்தச் சொல்லின் பிறப்பும் சுவையானது. லத்தீனில் ‘ஹபேரே’ என்ற வினை இருக்கிறது. அதற்கும் இதே பொருள், ஒலியும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் இரண்டும் உறவில்லை. ஆங்கில ‘ஹேவ்’க்கு லத்தீனில் உறவு ‘கபெரே’, அதாவது பிடி, கைப்பற்று. லத்தீனில் ‘க’ ஒலி நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹ’ நிற்பது முறையான மாற்றம். லத்தீனின் ‘ஹபேரே’க்கு ஆங்கிலத்தில் உறவாகக் காட்டப்படுவது ‘கிவ்’, அதாவது கொடு. ஆக, ‘ஹேவ்’ வரலாற்றில் பிடித்துக்கொள்வதிலிருந்து வைத்திருப்பது பிறந்திருக்கிறது. நம்முடைய ‘கொள்’ என்ற வினையும் எடுத்துக்கொள்வதில் தொடங்கி ‘கொண்டிருக்கிறேன்’ என்று துணைவினையாக மாறிய ஒன்றுதான்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதால் இந்த வினை வசப்படாது. ஆங்கில நாளிதழின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ வரும் இடங்களிலெல்லாம் அடுத்து நிற்கும் சொல்லைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். இடையில் ‘நாட்’, ‘ஆல்ரெடி’ போன்றவை வந்தால் தாண்டிப் போங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். செய்திப் பக்கம் என்றால் காலப் பயன்பாடுதான் அதிகம் கிடைக்கும். உடைமையும் கட்டாயமும் வேண்டுமானால் வாசகர் கடிதங்களைப் படியுங்கள்.