எழுத்துக்குள் ஒரு பாலம்

முறுக்கு உழக்கோடு வரும் அச்சுத் தட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஓமப்பொடிக்குப் பொடித் துளைகள், தேன்குழலுக்குப் பெரிய துளைகள், ஓலை பக்கோடாவுக்கு நீளக் கீறல்கள். வளையம் மட்டும் இருக்காது. குழாய்போல் உள்ளே காலியான முறுக்கு வேண்டும் என்று தட்டில் வளையமாக வெட்டினால், நடுத்துண்டு கழன்று விழும். மிஞ்சுவது ஒரு பெரிய ஓட்டை. அது விழாதிருக்க, விளிம்போடு பிடித்துக்கொள்ளும் கால் ஒன்றிரண்டை வெட்டாமல் விட வேண்டும்.

ஸ்டென்சில் எழுத்து இயங்குவதும் இப்படித்தான். தகரத்திலோ கெட்டி அட்டையிலோ எழுத்தை வெட்டி, மரப்பெட்டிமேல் வைத்துப் பெயின்ட் அடித்தால் வெட்டிய இடத்தில் மட்டும் படியும். 1, 7 வெட்டுவதில் சிக்கலில்லை. 0, 6, 9 என்றால் நடுத்துண்டு விழும். 8-ல் இரண்டு விழும். அவற்றைப் பிடித்து நிற்கும் கால்தான் பாலம். பெயின்ட் படாத அந்த இடம்தான் எழுத்தில் இடைவெளியாகத் தெரிகிறது.

வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இந்தப் பாலத்தில்தான். ஒல்லியாக விட்டால் தகடு வளையும், பெயின்ட் அடியில் கசியும். அகலமாக விட்டால் எழுத்து துண்டு துண்டாகிவிடும். வைக்கும் இடமும் முக்கியம். பூஜ்யத்தின் பக்கங்கள் தடிமன், தலையும் அடியும் மெலிவு. மெலிந்த இடத்தில் வெட்டினால் உருவம் கெடாது. கோடுகள் பருமனாக இருப்பதும் வீம்புக்கல்ல. பிரஷ் தாராளமாக நுழைய வேண்டும், தூரத்திலிருந்தும் படிக்க வேண்டும்.

1937-ல் அமெரிக்காவில் இருவர் இதை அச்சகத்துக்குக் கொண்டுவந்தார்கள். லட்லோ நிறுவனத்துக்காக ராபர்ட் ஹன்டர் மிடில்டன், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக ஜெர்ரி பவல். இருவரின் எழுத்துருவுக்கும் பெயர் ஸ்டென்சில். இரண்டிலும் பெரிய எழுத்துகள் மட்டுமே. உலோகத்தில் வார்த்த எழுத்தில் எதுவும் கழன்று விழப்போவதில்லை, பாலமே தேவையில்லை. ஆனாலும் வைத்தார்கள். நடுத்துண்டே இல்லாத ஆங்கில ‘சி’யையும் வெட்டினார்கள். இல்லாவிட்டால் அது கூட்டத்தில் ஒட்டாது. இதைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கிடங்கு, பட்டாளம், சரக்குப் பெட்டி எல்லாம் பார்த்தவுடன் நினைவுக்கு வருகின்றனவே. கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் காட்டிய ‘மேஷ்’ தொடரின் தலைப்பும், ஹோம் டிப்போ கடையின் சின்னமும் இதைத்தான் நம்பின.

தலைப்புக்கு வைத்தால் கம்பீரம். பத்தி முழுக்க வைத்தால் கண் வலிக்கும். சிறிய அளவில் இடைவெளிகளை மை அடைத்துவிடும். லேசரில் இரும்புத் தகட்டை வெட்டிப் பெயர்ப்பலகை செய்பவருக்கோ பாலம் இன்றும் அலங்காரமல்ல, அவசியம்.

தமிழில் வெட்ட உட்கார்ந்தால் வேலை கூடும். ஒற்றைக்கொம்பில் ஒரு சுழி, ஐகாரக் குறியில் இரண்டு. இந்தச் சின்னச் சுழிகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாலம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மட்டும் கவலையில்லை. அது ஓமப்பொடித் துளை; ஒரு குத்து போதும்.