மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் மருந்து எதிர்ப்புத்திறனும்

பாக்டீரியாக்களால் உண்டாகும் நோய்களைக் குணப்படுத்தப் பயன்படும் மருந்துகள் ஆன்டிபயாடிக் அல்லது நுண்ணுயிர்க்கொல்லிகள் எனப்படும். இம்மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் பாக்டீரியாக்கள் பிழைத்து வாழும் தன்மையே எதிர்ப்புத்திறன் ஆகும். இது மருத்துவமனைகளில் தோன்றிய சிக்கல் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால், மனிதன் இம்மருந்துகளைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே இத்தன்மை மண்ணில் இருந்து வந்துள்ளது.

மருந்தின் பிறப்பிடம்

இன்று பயன்பாட்டில் உள்ள நுண்ணுயிர்க்கொல்லிகள் பல, மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளிடமிருந்து பெறப்பட்டவை. காசநோயைக் குணப்படுத்திய முதல் நுண்ணுயிர்க்கொல்லியான ஸ்ட்ரெப்டோமைசின், 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆய்வு மாணவரால் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் பாக்டீரியா ஸ்ட்ரெப்டோமைசிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. மழை பெய்தவுடன் எழும் மண்வாசனைக்கும் இப்பேரினம் முக்கியக் காரணமாகும்.

பிற உயிரிகளைக் கொல்லும் பொருளை உருவாக்கும் பாக்டீரியா, அப்பொருளால் தானே அழியாதிருக்க வேண்டும். ஆகவே, அதனை முறியடிக்கும் மரபணுக்களையும் அது கொண்டுள்ளது. அருகில் வாழும் பிற பாக்டீரியாக்களும் தற்காப்பு முறைகளைப் பெற்றுள்ளன. அவற்றுள் முக்கியமானவை:

- மருந்தைச் சிதைக்கும் அல்லது மாற்றியமைக்கும் நொதிகளை உருவாக்குதல்
- உட்புகுந்த மருந்தைச் செல்லிலிருந்து வெளியேற்றுதல்
- மருந்து தாக்கும் இடத்தின் அமைப்பை மாற்றிக்கொள்ளுதல்

ஆய்வுகள் கூறுவது என்ன?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மண்ணிலிருந்து பெற்ற 480 பாக்டீரியா வகைகளை 21 மருந்துகளுடன் சோதித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொரு வகையும் சராசரியாக 7 அல்லது 8 மருந்துகளை எதிர்த்து நின்றது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்திருந்த மண்ணிலும் எதிர்ப்புத்திறன் மரபணுக்கள் உள்ளதை 2011-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், 40 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக மேற்பரப்பிலிருந்து தனித்திருந்த லெச்சுகியா குகையின் பாக்டீரியாக்களுள் சில, 14 மருந்துகளை எதிர்த்து நின்றன.

ஆபத்து எங்கே தொடங்குகிறது?

மண் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மனிதருக்கு நோய் உண்டாக்குவதில்லை. அவற்றின் எதிர்ப்புத்திறன் மரபணு, நோய்க்கிருமிகளுக்குள் இடம்பெயரும்போதே ஆபத்து தொடங்குகிறது. பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் வழியாக ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறோர் இனப் பாக்டீரியாவுக்கும் இம்மரபணுக்கள் செல்லக்கூடும்.

மண்ணிலும் நீரிலும் வாழும் க்ளுய்வேரா என்ற பாக்டீரியா இதற்குச் சான்றாகும். செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் இதன் மரபணு, ஈ. கோலை உள்ளிட்ட நோய்க்கிருமிகளை அடைந்து, இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதனால், முன்பு மாத்திரையால் குணமான சிறுநீர்த் தொற்றுக்கும் சிலருக்கு ஊசி மருந்து தேவைப்படுகிறது. 2019-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 12.7 லட்சம் இறப்புகளுக்குப் பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்புத்திறன் நேரடிக் காரணம் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இயற்கையிலேயே உள்ள ஒன்றை நம்மால் தடுக்க இயலுமா என்ற ஐயம் எழலாம். மரபணு தோன்றுவது இயற்கை. அது பெருகிப் பரவ வாய்ப்பளிப்பது நமது பயன்பாடு. தேவையின்றி மருந்து உட்கொள்ளும்போதும், மருந்துக் கழிவுகள் மண்ணையும் நீரையும் அடையும்போதும், சாதாரண பாக்டீரியாக்கள் அழிந்து, எதிர்ப்புத்திறன் உள்ளவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. இதனைக் கருத்தில்கொண்டே, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் மருந்தைப் பயன்படுத்த இந்தியா 2019-இல் தடை விதித்தது.

நாம் செய்ய வேண்டியவை

- மருத்துவரின் பரிந்துரையின்றி நுண்ணுயிர்க்கொல்லிகளை வாங்கி உட்கொள்ளாதீர்கள். சளி, ஃப்ளூ போன்ற வைரஸ் நோய்களை இவை குணப்படுத்துவதில்லை.
- பரிந்துரைத்த அளவில், பரிந்துரைத்த நாள்கள் வரை உட்கொள்ளுங்கள். எஞ்சியதைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.
- பயன்படுத்தாத மருந்துகளை மண்ணிலோ கழிவுநீரிலோ கொட்டாதீர்கள். அகற்றும் முறையை மருந்தாளுநரிடம் கேட்டறியுங்கள்.
- கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி மட்டுமே மருந்து கொடுங்கள்.
- சாணம், கோழி எரு ஆகியவற்றை நன்கு மக்கச் செய்தபின் வயலில் இடுங்கள்.
- மண்ணில் வேலை செய்தபின் சோப்பினால் கைகளைக் கழுவுங்கள். காயங்களை மூடி வையுங்கள்.

மண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மண் அளித்த மருந்துகளை அளவறிந்து பயன்படுத்தினால், அவை அடுத்த தலைமுறைக்கும் பயன்தரும்.